அடுத்த வீட்டாரைப் பற்றி

2019ஆம் ஆண்டு நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கிய மழை ஒன்பது மணிக்குத் தூறலாகிப் பத்து மணிக்கு மீண்டும் வலுத்தது. தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். நீங்கள் இப்போது அமர்ந்திருக்கும் நாற்காலியில், நனைந்த வேட்டியை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, தூத்துக்குடியிலிருந்து வந்த ஒருவர் அமர்ந்திருந்தார். நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் அவரும் கேட்டார். "அடுத்த வீட்டுக் குற்றாலலிங்கம் சார் குடும்பம் எப்படி? பொண்ணு எப்படி?"

உங்களுக்கு விடை சொல்வதற்கு முன், அவருக்கு நான் என்ன விடை சொன்னேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்குப் பின் வந்த மூவருக்கும் என்ன சொன்னேன் என்பதையும். நேரம் ஆகும். காபியைக் குடித்துவிடுங்கள், நானே போட்டது, ஆறினால் வாயில் வைக்க முடியாது.

என் பெயர் பால்வண்ணநாதன். முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியர். கடைசிப் பத்து ஆண்டுகள் உதவித் தலைமையாசிரியராகவும் இருந்தேன். உங்களை இங்கே அனுப்பியவர் முக்கு மளிகைக்கடைக்காரர்தானே? "தமிழையாவைப் போய்க் கேளுங்க, அவரு வாயில பொய் வராது" என்றிருப்பார். எல்லாரையும் அப்படிச் சொல்லித்தான் அனுப்புகிறார். இந்த ஆசிரியர் குடியிருப்பில் இருபத்திரண்டு வீடுகள். எந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், விசாரிக்க வருகிறவர் கடைசியாக ஏறும் படி இந்த வீட்டுப் படி.

விசாரிக்கப் போவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்ட இடத்தில் எல்லாம் "தங்கமான குடும்பம்" என்பார்கள். எல்லாருடைய குடும்பமும் தங்கம்தான். ஆகவே விசாரிக்க வருகிறவர் சொல்லைக் கவனிப்பதில்லை. யார் தயங்குகிறார், யார் பேச்சை மாற்றுகிறார், யார் எழுந்து உள்ளே போகிறார் என்று பார்க்கிறார். நீங்களும் இப்போது என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பாருங்கள். தவறில்லை.

தூத்துக்குடிக்காரருக்குக் காபி கொடுத்தேன். மழையைப் பற்றிப் பேசினேன். அவர் மறுபடியும் கேட்டார்.

"அந்த வீட்டாரைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை" என்றேன்.

அவர் முகம் மாறியது. "ஏதும் மனத்தாங்கலா ஐயா?"

"அப்படி ஒன்றும் இல்லை."

"பொண்ணைப் பத்தி ஏதும்..."

"காபி ஆறுகிறது" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு பொய் இல்லை. ஓர் அவதூறு இல்லை. அவர் டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு எழுந்தார். சன்னல் வழியே பார்த்தேன். இடப்பக்கம் திரும்பினால் குற்றாலலிங்கத்தின் வீடு. வலப்பக்கம் பேருந்து நிறுத்தம். அவர் வலப்பக்கம் திரும்பினார். அடுத்த வீட்டில் விருந்தாளி வருவார் என்று கேசரி கிண்டியிருந்தார்கள். நெய் மணம் சுவர் தாண்டி வந்தது. பகல் இரண்டு மணிவரை அந்த வீட்டு வாசற்கதவு திறந்தே இருந்தது. பிறகு சாத்தினார்கள். அன்று மதியம் நான் வழக்கத்தைவிட ஒரு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன். மறைக்க மாட்டேன். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அன்றுதான் எனக்குப் பசித்தது.

அவன் எனக்கு என்ன செய்தான் என்று கேட்கிறீர்கள். 'அவன்' என்று சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைவிட ஒன்பது வயது இளையவன். ஆனால் அதனால் சொல்லவில்லை.

1991இல் இயற்பியல் ஆசிரியனாக எங்கள் பள்ளிக்கு வந்தான். வீடு பார்த்துக் கொடுத்தவன் நான். பால்காரர் முதல் தச்சர்வரை நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். ஓயாமல் பேசுவான். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவான், பிடிபட்டால் சிரிப்பான். அவன் வீட்டு முருங்கையிலிருந்து கம்பளிப்பூச்சி எங்கள் வீட்டுச் சுவரில் ஏறும்; சொன்னால், "பூச்சிக்கு எல்லை தெரியுமா அண்ணாச்சி?" என்பான். என் மனைவி வடிவு அவனைத் தம்பி என்பாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவன் மகள் உலகநாயகி, நீங்கள் பார்க்க வந்திருக்கும் பெண், நடக்கத் தொடங்கியதிலிருந்து பாதி நாள் எங்கள் வீட்டில்தான். என்னைப் பெரியப்பா என்பாள். வடிவைப் பெரியம்மா என்பாள்.

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன்.

பள்ளி வராந்தாவில் ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. மாணவர்கள் நேரத்துக்கு வருவதில்லை என்பதால், அதை நான் பத்து நிமிடம் கூட்டி வைத்திருந்தேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, பதினோர் ஆண்டுகள். பலன் இருந்தது. தாமதமாக வருவோர் கால்வாசியாகக் குறைந்தார்கள். எனக்குக் கைக்கடிகாரம் கட்டும் வழக்கம் இல்லை. பதினோர் ஆண்டுகள் அதையே பார்த்துப் பார்த்து, எனக்கு அதுதான் நேரம் ஆகிவிட்டது.

2004 மார்ச். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, கணக்குப் பரீட்சை. வினாத்தாள் கட்டைத் தலைமையாசிரியர் தம் அறைக் கடிகாரத்தைப் பார்த்துப் பிரிப்பார். வாயிற்கதவு என் பொறுப்பு. பத்து மணிக்குத் தேர்வு; பத்தரைவரை வருபவரை உள்ளே விடலாம். வராந்தாக் கடிகாரத்தில் பத்து முப்பத்து நான்கு ஆனபோது, ஒரு மாணவி ஓடி வந்தாள். பெயர் முப்பிடாதி. கிராமத்துப் பேருந்து வழியில் நின்றுவிட்டதாம். மூன்று கிலோமீட்டர் ஓடி வந்திருக்கிறாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

"சார், இப்பதான் டீக்கடைல மணி பாத்தேன். பத்து இருபத்து நாலுதான் சார் ஆவுது."

"பள்ளிக் கடிகாரம் பொய் சொல்லாது" என்றேன். கதவைத் திறக்கவில்லை.

அவள் அந்தக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு பதினொன்றரைவரை நின்றாள். பிறகு போய்விட்டாள். அவள் தந்தை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். ஏப்ரலில் விசாரணை. என்னை அழைத்தார்கள், அன்று பள்ளியில் பணியில் இருந்தவன் என்ற முறையில் குற்றாலலிங்கத்தையும் அழைத்தார்கள். என்னிடம் முன்னதாகவே எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார்கள். நான் எழுதிவைத்த அந்தக் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது.

இருவரும் ஒரே பேருந்தில் திருநெல்வேலிக்குப் போனோம். வடிவு பத்து இட்லி கட்டிக் கொடுத்திருந்தாள். ஆறு அவன் தின்றான்.

"அக்கா இட்லின்னா இட்லிதான் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரி கல்லையில்லா அவிச்சு வைக்கா" என்றான். பிறகு சிமெண்டு விலையைப் பற்றிப் பேசினான். "இருக்க வெலைக்கு மாடி போட்டு முடிக்கதுக்குள்ள மண்டை காஞ்சிரும்" என்றான். ஒன்றே கால் மணி நேரம். அவன் அங்கே என்ன சொல்லப்போகிறான் என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல், என்னிடம் சொல்லவில்லை.

அதிகாரி கேட்டார். "பள்ளிக் கடிகாரம் சரியாக ஓடியதா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான். "இல்ல சார். பத்து நிமிஷம் கூட ஓடும். எப்பவுமே அப்படித்தான். பிள்ளைங்க நேரத்துக்கு வரணும்னு அண்ணாச்சி வச்சது."

என் முன்னால். என் மனைவி அவித்த இட்லி அவன் வயிற்றில் இருக்கும்போது.

ஜூன் மாதம் என்னைத் திருவாடானைக்கு அப்பால் ஒரு கடற்கரைக் கிராமத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் இருந்தன. தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்தும் என் பெயர் போயிற்று. இந்த ஊரில் நான் என் வீட்டு வாயிற்கதவைத் திறந்தாலும் மூடினாலும் அதையே பேசினார்கள். ஒருவனுடைய ஒரு விடையால்.

என்ன? அந்த மாணவி என்ன ஆனாள் என்றா கேட்கிறீர்கள்? தெரியாது. நான் விசாரித்ததில்லை. நான் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு நேர்ந்ததை.

அந்த ஆண்டு டிசம்பரில் வடிவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு முறை திருநெல்வேலிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். நான் இருந்த ஊரில் அந்த வசதி இல்லை. என்னால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் வர முடிந்தது. அவள் தனியாகப் போய் வந்துகொள்வதாகச் சொன்னாள். ஒரு நாள் தொலைபேசியில் பேசும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டாள். "நேத்து ஆஸ்பத்திரியில நேரமாயிட்டு. லிங்கம் தம்பிதான் கூட இருந்து கூட்டிட்டு வந்தாரு."

"அவன் கூட்டிப்போனால் நீ போகாதே" என்றேன்.

"போகலைன்னா செத்துருவேன்" என்றாள். "போகவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

"உன் விருப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் தடுக்கவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். எத்தனை பெரிய பகை இருந்தும் தடுக்கவில்லை. பதின்மூன்று மாதங்கள் அவன்தான் கூட்டிப்போனான். குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா? பள்ளி விடுமுறை நாள்களில் அந்தச் சிறுமியும் உடன் போவாளாம். அவன் மனைவி பத்தியச் சோறு வடித்துக் கொடுத்தனுப்புவாளாம். அவள் வைக்கும் சாம்பாரில் புளி எப்போதும் அதிகம். வடிவுக்கு அது ஆகாது. ஆனாலும் சாப்பிட்டிருக்கிறாள்.

2006 சனவரி 12ஆம் நாள் வடிவு இறந்தாள். நான் வந்து சேர்ந்தபோது மாலை நான்கு மணி. அதற்குள் வாசலில் பந்தல், குளிர்பெட்டி, நாற்காலிகள். உறவினருக்கு எல்லாம் சொல்லியனுப்பியாகிவிட்டது. எல்லாம் அவன் செய்தது. தோளில் துண்டோடு என்னை நோக்கி வந்து, "அண்ணாச்சி" என்று கையைப் பிடித்தான்.

"என் வீட்டைவிட்டு வெளியே போ" என்றேன்.

பந்தலில் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேருக்கும் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அவன் தெருவுக்குப் போய் மின்கம்பத்தின் அருகில் நின்றான். ஆற்றங்கரைவரை எல்லாருக்கும் பின்னால் நடந்து வந்தான். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் தெரிந்தான். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு பேச்சு இல்லை. ஒரு முறை எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் மனைவி கஞ்சி கொண்டுவந்தாள். கதவைத் திறக்கவில்லை. உலகநாயகி பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் மாவட்டத்தில் இரண்டாமிடம் பெற்று இனிப்போடு வந்தாள். உள்ளே இருந்துகொண்டே விளக்கை அணைத்தேன். மன்னிப்பைப் பற்றி நான் வகுப்பில் எத்தனையோ பாடம் நடத்தியிருக்கிறேன், ஐயா. பொருள் சொல்லியிருக்கிறேன், கட்டுரை எழுதவைத்திருக்கிறேன், மதிப்பெண் போட்டிருக்கிறேன். எனக்கு அது கைவரவில்லை. கைவர வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

பிறகு, மழை பெய்துகொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அதன் பின் கொரோனா. 2021 ஆவணியில் மதுரையிலிருந்து ஒருவர். மறு ஆண்டு சிவகாசியிலிருந்து ஒரு பெரியவர். சென்ற ஆனியில் கோவில்பட்டியிலிருந்து மாப்பிள்ளையின் மாமா. ஒவ்வொருவருக்கும் காபி, ஒவ்வொருவருக்கும் அதே வாக்கியம். நான்கு பேரில் ஒருவர்கூட அந்த வீட்டுப் படி ஏறவில்லை. பெண்ணுக்கு வயது இருபத்தைந்து, இருபத்தேழு, இருபத்தொன்பது என்று ஏறியது. அடுத்த வீட்டில் சோதிடர் வந்தார், போனார். வாடகைக் கார் வரும். குடும்பத்தோடு எந்தக் கோயிலுக்கோ போவார்கள். திரும்பி வரும்போது குற்றாலலிங்கத்தின் நெற்றியில் புதுக் குங்குமம். முன்போல் பேசுவதில்லை அவன். முருங்கையை வெட்டிவிட்டான். நான் இந்தச் சன்னலருகே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை: எனக்கு நிறைவாக இருந்தது.

சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, மாலை ஐந்து மணிக்கு, உலகநாயகி வந்தாள். கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நேரே அங்கிருந்து வந்திருந்தாள். வாசற்படியில் நின்றாள்.

"உள்ள வரலாமா சார்?"

'சார்' என்றாள். நான் விலகி வழிவிட்டேன். வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஆனியில வந்துட்டுப் போனாங்கல்லா, கோவில்பட்டிக்காரங்க. அந்தப் பையன் எனக்கு போன் பண்ணினான். 'ஒங்க பக்கத்து வீட்டுப் பெரியவரு எதுவும் சொல்ல மாட்டேங்காராம், எங்க மாமா பயப்படுதாரு, என்னதான்ங்க விஷயம்'ன்னு கேட்டான். அப்பதான் சார் எனக்குத் தெரிஞ்சுது."

"நான் பொய் சொல்லவில்லை" என்றேன்.

"தெரியும் சார். நீங்க பொய் சொல்லலை. எங்க அப்பா நாலு வருஷமா ராகுவையும் கேதுவையும் திட்டிக்கிட்டு இருக்காரு. அவங்க ரெண்டு பேரும் பாவம்." சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. "போன மாசம் பரிகாரம்னு வாழைமரத்துக்கும் எனக்கும் கல்யாணம் பண்ணி வச்சாங்க. மாலை மாத்தி முடிச்சதும் வாழையை வெட்டிட்டாங்க. ரெண்டு நிமிஷம் கூட வாழலை சார் எம் புருஷன்."

"உன் அப்பாவிடம் சொன்னாயா?"

"சொல்லலை. சொன்னா நேரா வந்து உங்க கால்ல விழுவாரு. அதை நான் பாக்கணுமா?"

"விழ வேண்டியவன்தான்."

"எதுக்கு?" என்றாள். குரல் உயரவில்லை, தாழ்ந்தது. "பெரியம்மா எனக்கு எல்லாம் சொல்லியிருக்காங்க சார். ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ல எம்மடியில தலை வச்சுப் படுத்துக்கிட்டுச் சொல்லுவாங்க. நீங்க அந்த ஆபீசுக்கு என்ன எழுதிக் குடுத்தீங்கன்னும் சொன்னாங்க."

நான் மேசையில் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தேன்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அடுத்து யாரும் விசாரிக்க வந்தா 'சொல்வதற்கில்லை'ன்னு சொல்லாதீங்க. சொல்லுங்க. எங்க அப்பாவைத் திட்டணுமா, நல்லாத் திட்டிச் சொல்லுங்க. ஆனா முழுசும் சொல்லுங்க. நீங்க எழுதிக் குடுத்ததையும் சேத்துச் சொல்லுங்க."

"உன் கல்யாணத்துக்காகவா?"

"எனக்குக் கல்யாணம் ஆகலைன்னாலும் சோத்துக்கு வழி இருக்கு சார். வாழையை வெட்டினப்ப எங்க அப்பா கிணத்தடியில போய் உக்காந்து அழுதாரு. 'நான் என்ன பாவம் பண்ணினேனோ'ன்னு அழுதாரு. அதுக்காக."

வாசல்வரை போனவள் திரும்பினாள். "உங்களை மன்னிச்சிட்டேன்னு நினைச்சிராதீங்க. மன்னிக்கலை" என்றாள். போய்விட்டாள். ஐந்து மணி இருபது நிமிடம் இருக்கும்.

சரி. நான் என்ன எழுதிக் கொடுத்தேன் என்று கேளுங்கள். கேட்க மாட்டீர்களா? பெரியவன் என்று கூச்சப்படுகிறீர்கள். நானே சொல்கிறேன்.

"பள்ளிக் கடிகாரம் சரியான நேரத்தையே காட்டியது. மாணவி பத்து முப்பத்து நான்குக்கு வந்தார். விதிப்படி அனுமதி மறுக்கப்பட்டது." மூன்று வாக்கியங்கள். கீழே என் கையொப்பம். என் கையால் பத்து நிமிடம் கூட்டி வைத்த கடிகாரத்தைப் பற்றி நான் எழுதியது அது. கதவை மூடியதற்கு எச்சரிக்கையோடு விட்டிருப்பார்கள். என்னை மாற்றியது அந்த முதல் வாக்கியத்துக்காக. உத்தரவில் அப்படித்தான் இருந்தது. அந்த உத்தரவை வடிவுக்கு மட்டும் காட்டினேன். அவள் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

ஆகவே மளிகைக்கடைக்காரர் உங்களிடம் சொன்னது தவறு. இந்த வாயில் பொய் வந்திருக்கிறது. ஒரு முறை. அரசாங்க முத்திரையோடு அது ஏதோ ஒரு கோப்பில் இன்னும் இருக்கும். இதை இதுவரை யாரிடமும் நான் வாயால் சொன்னதில்லை. நீங்கள் யார் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. பாளையங்கோட்டை, கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், மாப்பிள்ளையின் அப்பா, அவ்வளவுதான் சொன்னீர்கள்.

அவனை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்கிறீர்களா? இல்லை. அவன் அந்தப் பேருந்தில் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். "அண்ணாச்சி, நான் பொய் சொல்ல மாட்டேன்" என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். கிழித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கடிதத்தைப் பற்றி நான் ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டால், அது என் சொந்த விஷயம்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு விடை.

பெண் நல்லவள். கோபம் வந்தால் கத்த மாட்டாள். நீங்கள்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவள் தாயின் சாம்பாரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். குற்றாலலிங்கம் உங்களுக்குச் சம்பந்தியாக வந்தால் எரிச்சல் தருவான். சீட்டாட உட்காராதீர்கள். சொல்லக் கூடாத இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுவான். முன்கூட்டியும் சொல்ல மாட்டான். உங்கள் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அவன் வந்து நிற்பான். போ என்றால் தெருவில் போய் நிற்பான். அவனிடம் எனக்குச் சகிக்க முடியாதது அதுதான்.

பெண் எடுக்கலாம். தாராளமாக எடுக்கலாம்.

இடப்பக்கம் போங்கள். ஒன்று மட்டும்: இதையெல்லாம் நான் சொன்னதாக அவனிடம் சொல்ல வேண்டாம். மற்றவர்களிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அவனுக்கு நல்லது செய்தேன் என்று அவன் நினைப்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது.

*

வாருங்கள், சம்பந்தி. அப்படித்தானே இப்போது உங்களை இந்தத் தெருவில் அழைக்கிறார்கள்? மறுவீட்டு விருந்துக்கு வந்த இடத்தில் இங்கேயும் எட்டிப் பார்த்தீர்கள், நன்றி. இன்று காபிக்குப் பால் இல்லை. தண்ணீர் தருகிறேன்.

சொல்ல வேண்டாம் என்றேன், சொல்லிவிட்டீர்கள். கால்நடை மருத்துவர்கள் நோயாளியிடம் எதையும் மறைத்துப் பழகாதவர்கள் போலும். பரவாயில்லை. நீங்கள் போன பிறகு இங்கே என்ன நடந்தது என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

அன்று மாலை ஏழு மணிக்குக் குற்றாலலிங்கம் வெளியே வந்து என் வாயிற்கதவின் முன் நின்றான். உள்ளே வரவில்லை. நான் சன்னலருகே நின்றேன். ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போனான்.

மார்கழி முடிந்ததும் மனைவியோடு பத்திரிகை வைக்க வந்தான். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை. அவன் மனைவி என்னைப் பார்க்கவில்லை. தட்டை நீட்டினான். காலில் விழவில்லை.

"அண்ணாச்சி, நாலு வருஷம்" என்றான்.

நான் பத்திரிகையை எடுத்துக்கொண்டேன்.

"முகூர்த்தம் ஆறுலேருந்து ஏழரை. வந்துருங்க" என்றான். திரும்பிப் போய்விட்டான். அழைக்காமல் விட்டால் தெரு பேசும் என்பதற்காக அழைத்தானா, வேறு எதற்காகவாவதா, தெரியவில்லை. நான் கேட்கவில்லை. என்னிடம் அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தை மாதக் கடைசியில் திருமணம். போனேன். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். அட்சதை போட்டேன். முதல் பந்தியில் சாப்பிட்டேன். பெண் என்னைப் பார்த்தாள்; தலையசைத்தாளா, மாலையைச் சரிசெய்தாளா என்று சொல்ல முடியாது. ஒன்பதே கால் பேருந்தில் வீட்டுக்கு வந்தேன்.

நான் எழுதிக் கொடுத்த மூன்று வாக்கியங்கள் இப்போது மளிகைக்கடைவரை தெரியும். விசாரிக்க வருகிறவர்களைக் கடைக்காரர் ஓய்வு பெற்ற அஞ்சலகக்காரர் வீட்டுக்கு அனுப்புகிறார். சென்ற மாதம் எட்டாம் எண் வீட்டுப் பெண்ணுக்காக வந்தவர்கள் என் வாசலைக் கடந்துதான் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வருவதில்லை.

அவனும் நானும் இன்னும் பேசுவதில்லை. காலையில் பால் வாங்க இருவரும் ஒரே நேரத்தில் கதவைத் திறக்க நேர்ந்தால், அவன் உள்ளே போகும்வரை நான் வெளியே வர மாட்டேன். இந்த வாரம் இரண்டு முறை அவன் உள்ளே போகவில்லை. நான் வெளியே வந்து பாலை வாங்கிக்கொண்டேன்.